முழுக்கைச் சட்டை

நர்ஸ் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, "உள்ள வாங்க, பரவாயில்ல" என்றாள். லாவினியா தலையசைத்தாள், நகரவில்லை. துவைத்த துண்டுகளும் ஒரு டப்பா தேங்காய் எண்ணெயும் இருந்த பையைக் கதவின் இந்தப் பக்கமிருந்தே நீட்டினாள்.

"உங்க தம்பிதானே?"

"ஆமா."

"பயமா இருக்கா? குழாய் எல்லாம் பாத்தா சிலருக்கு அப்படித்தான் இருக்கும்."

"அதில்ல."

நேபாளத்துப் பெண் போலிருந்த அந்த நர்ஸ் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு தானாக மூடிக்கொண்டது. மூன்று நாட்களாக இதுதான் நடக்கிறது. நர்சுகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், ஒவ்வொருத்தியும் ஒரு முறையாவது கதவைத் திறந்து பிடித்தாள். என்னவென்று சொல்வது? பசிபிக் தீவு நாடான டோங்காவில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொன்னால் விளங்காது. பருவம் வந்த பிறகு அக்கா தம்பியின் படுக்கையறைக்குள் போவதில்லை. அவன் உடம்பைப் பற்றி அவளும், அவளுடையதைப் பற்றி அவனும் வாய் திறப்பதில்லை. சிட்னிக்கு வந்து பதினேழு வருஷம் ஆகியும் லாவினியாவுக்கும் லிசியாதேவுக்கும் நடுவில் அது அப்படியேதான் இருந்தது. இரண்டு தெரு தள்ளி வீடு. சொல்ல வேண்டியதை அவன் மகள் ஃபிபே வழியாகச் சொல்லிக்கொண்டார்கள். ஏழு வயதுப் பெண் பள்ளி விட்டதும் அத்தை வீட்டுக்கு வருவாள், ஆறு மணிக்கு அப்பா காரில் வந்து வெளியே ஹாரன் அடிப்பான், ஃபிபே செய்தியோடு ஓடுவாள்.

கதவில் ஒரு கையகலக் கண்ணாடி இருந்தது. அதன் வழியே கட்டிலின் கால்மாடு மட்டும் தெரிந்தது. போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள், முப்பத்தொரு வயதுக்காரனின் பெரிய பாதங்கள். லாவினியா அவற்றைப் பார்த்துவிட்டுக் காத்திருப்பு அறைக்குத் திரும்பினாள்.

அங்கே இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். நாற்காலிகள் போதாமல் தரையில் பாய் விரித்திருந்தார்கள். ஆட்டுக்கறியும் சேப்பங்கிழங்கும் ஈயத்தாளில் சுற்றி வந்திருந்தன. காலையில் காவலாளி ஒருவர் வந்து, ஒரு நோயாளிக்கு இரண்டு பேர்தான் என்றார். அவருக்கும் ஒரு தட்டு போட்டுக் கொடுத்தார்கள். அவர் சாப்பிட்டுவிட்டுப் போனவர் பிறகு வரவில்லை.

லாவினியா நுழைந்ததும் நாற்காலியில் இருந்த பெண் எழுந்து இடம் விட்டாள். தம்பி மனைவி சியாலே அந்த நாற்காலிக்குக் கீழே, பாயில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் உட்காரும் உயரத்தில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஃபிபே அவள் பக்கத்தில் குப்புறப் படுத்து, ஆஸ்பத்திரி விண்ணப்பத் தாளின் பின்பக்கத்தில் மீன்கள் வரைந்துகொண்டிருந்தாள்.

லிசியாதேவோடு கிடங்கில் வேலை செய்யும் மோசேசே பேசிக்கொண்டிருந்தான். சாவு வீட்டிலும் சிரிக்க வைப்பவன் என்று அவனுக்குப் பெயர்.

"இந்த மூணு வாரமா இவன் போதகர் மாதிரிதான் வேலைக்கு வந்தான். கிடங்குக்குள்ள நாப்பது டிகிரி. நாங்கெல்லாம் பனியனோட நிக்கிறோம். தொரை மட்டும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரைக்கும் பட்டன். 'போதகரே, இன்னிக்கு எந்த அதிகாரம்?'னு கேப்பேன். ஃபோர்க்லிஃப்டை நிறுத்திட்டு ரெண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுவான், திருட்டுப்பய."

எல்லோரும் சிரித்தார்கள். சியாலேயும் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு மட்டும் நின்றது.

"முழுக்கையா?"

"ஆமா. வெள்ளை ஒண்ணு, நீலம் ஒண்ணு. மாத்தி மாத்தி."

"அவருக்கு முழுக்கைன்னா மூச்சு முட்டுமே. கல்யாணத்தன்னிக்கே மடிச்சு விட்டுட்டுதான் நின்னாரு."

"நானும் கேட்டேன். 'மேலிடத்து உத்தரவு'ன்னான். நீதான் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்."

"நானா? ஆறு வாரமா நான் ஊர்ல எங்கம்மா தலைமாட்டுல இல்ல இருந்தேன்."

ஃபிபேயின் பென்சில் நின்றது. அவள் தலையைத் தூக்கி அத்தையைப் பார்த்தாள். வாய் திறந்தது. லாவினியாவின் தலை ஒரு முறை, மிகச் சிறிதாக, இடமும் வலமும் அசைந்தது. தான் அசைத்தோம் என்பதே அசைத்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. குழந்தை உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு மறுபடி மீனுக்குக் குனிந்தது.

மோசேசே வேறு கதைக்குப் போய்விட்டான்.

*

நான்கு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை, சபை மண்டபத்துக்குப் பின்னால், மறுநாள் விருந்துக்காக ஆண்கள் மண்ணடுப்புக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். லாவினியா இலை சுற்றிய கறிப் பொட்டலங்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு போனாள். லிசியாதே கையில்லாத பனியனோடு குழிக்குள் நின்று மண்வெட்டியை ஓங்கினான். இடது புஜத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம். முழங்கைக்குக் கீழே இன்னும் மூன்று. மணிக்கட்டைச் சுற்றி, மிளகாய்த்தூள் தூவியது போலச் சிவப்புப் புள்ளிகள். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொள்ள வேண்டும், அதுதான் மரியாதை.

அவள் வேலை முதியோர் இல்லத்தில். தினமும் பதினோரு பேரைக் குளிப்பாட்டுவாள், எல்லோரும் முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள். அடுத்த திங்கட்கிழமை ஒரு கிழவியின் முழங்காலில் காசளவு கன்றியிருந்ததைப் பார்த்து ஒரு மணி நேரத்துக்குள் படிவம் நிரப்பி, நர்சைக் கூப்பிட்டு, பெர்த்தில் இருந்த மகளுக்கும் ஃபோன் போட்டாள். அன்று மாலையே ஃபிபேயின் பின்னலைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "அப்பாகிட்டச் சொல்லு. இனிமே வெளிய போறப்ப முழுக்கைச் சட்டை போட்டுக்கச் சொல்லு. நாலு பேரு பாக்குறாங்க."

இருபது வயதில் லிசியாதே மதுக்கடை வாசல்களில் அடிதடி செய்தவன். அந்தப் பேச்சு அடங்கவே பல வருஷம் ஆயிற்று. சியாலே ஊரில் இல்லாத நேரத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாளா என்று இந்த நான்கு நாட்களாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். மிளகாய்த்தூள் போன்ற புள்ளிகள் அடிதடியில் வராது. அது அவளுக்குத் தெரியும்.

அவன் கேள்வி கேட்கவில்லை. அக்காவின் சொல். மறுநாளே இரண்டு சட்டை வாங்கினான். சபைக்கு மட்டும் என்று அவள் சொல்லவில்லை, ஆகவே எல்லா இடத்துக்கும் போட்டுக்கொண்டான்.

போன ஞாயிறு சியாலே விமானத்திலிருந்து இறங்கினாள். வீட்டுக்கு வந்து அவன் சபைக்குப் போன சட்டையைக் கழற்றியதும் பார்த்தாள். பெட்டியைப் பிரிக்காமலே அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். திங்கள் காலை ரத்தப் புற்றுநோய் என்றார்கள். செவ்வாய் மத்தியானம் அவன் ஃபிபேவோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது தலை வலிக்கிறது என்றான். பிறகு பேசவில்லை.

திங்களன்று டாக்டர் எல்லோரையும் வைத்துச் சொன்னது லாவினியாவுக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருந்தது. "ரத்தப் புற்றுநோய்லயே நல்லா குணமாகுற வகை இது. மாத்திரையிலயே கேக்கும். முதல் சில நாள் ரத்தம் கசியாம தாண்டிட்டா போதும். இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா எங்களுக்குச் சுலபமா இருந்திருக்கும். காயம் மாதிரி எப்பலேர்ந்து இருக்குன்னு அவருக்கே தெரியல, யாராவது பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை என்று சியாலே சொன்னாள். லாவினியாவும் டாக்டரின் அறையில்தான் இருந்தாள்.

*

பதினோரு மணிக்கு டாக்டர் அவர்களைத் தனி அறைக்கு அழைத்தாள். முகமெல்லாம் புள்ளி விழுந்த, உயரமான, இளம் பெண். சோபாவும், மேஜை மேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டியும். சியாலே வழக்கம்போலத் தரையில் உட்காரப் போனாள். டாக்டர் பதறி எழுந்து நாற்காலியைக் காட்டினாள். சியாலே அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். ஃபிபே அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள், வெளியே போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"மூளைல கசிவு நிக்கவே இல்ல. இப்ப அவருக்கு மூச்சு விடறது இயந்திரம்தான். அவர் திரும்பி வருவார்ங்கிற நம்பிக்கை எங்க யாருக்கும் இல்ல" என்றாள் டாக்டர். "நிறுத்திடலாம்ங்கிறது எங்க யோசனை. அவசரமில்ல. ஆனா நீங்க சொல்லணும்."

அவள் சியாலேயைப் பார்த்துச் சொன்னாள். சியாலே லாவினியாவைப் பார்த்தாள்.

"அண்ணி சொல்லட்டும்."

"சட்டப்படி மனைவிதான்…" என்று டாக்டர் மெதுவாகத் தொடங்கினாள்.

"சட்டம் இருக்கட்டும். இவங்க அவருக்கு அக்கா. எங்க வீட்டுல பொறப்புக்குப் பேரு வைக்கிறதும் இவங்கதான், சாவுக்குத் தலைமாட்டுல உக்கார்றதும் இவங்கதான். இவங்க சொல்லி அவரு எதையும் தட்டினதில்ல. அவரு போகலாம்னு நீங்க சொல்லுங்க அண்ணி. நான் கேட்டுக்கறேன்."

டாக்டர் வெளியே இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சாளரத்துக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில் வெயில் கண்ணாடிகளில் தெறித்தது. லாவினியா ஃபிபேயைப் பார்த்தாள். குழந்தை அம்மாவின் முழங்கால் மீது சாய்ந்திருந்தது. உதடுகள் இன்னும் அப்படியே இறுகி இருந்தன. காலையிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் கூடக் கேட்கவில்லை.

"சியாலே. என் பேச்சை எடுத்துக்காத."

"என்ன அண்ணி?"

"அந்தச் சட்டை. நான்தான் போடச் சொன்னேன்."

சியாலே புரியாமல் பார்த்தாள்.

"குழி வெட்டுற அன்னிக்குக் கையப் பாத்தேன். புள்ளியும் பாத்தேன். ஃபிபேகிட்டச் சொல்லிவிட்டேன், முழுக்கை போட்டுக்கச் சொல்லுன்னு. அவ ஒண்ணும் பண்ணல. நான் சொன்னதப் போய்ச் சொன்னா, அவ்வளவுதான்."

ஃபிபேயின் வாய் மெல்லத் திறந்தது. ஒரு பெருமூச்சு வந்தது. பிறகு விக்கல் போல ஒன்று.

சியாலே நாற்காலியை விட்டு எழுந்தாள். நாத்தனார் உட்கார்ந்திருக்க அவள் எதிரே நேராக நின்றது அதுதான் முதல் தடவை.

"எப்ப?"

"நீ போயி ரெண்டாவது வாரம்."

"பாத்துட்டு?"

லாவினியா மேஜை மேலிருந்த காகிதப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"ராத்திரி பகல்னு பாக்காம கண்டவங்க உடம்பையெல்லாம் கழுவுறீங்களே அண்ணி. எது அடி எது நோவுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அவன் உடம்பு…"

"அவருகிட்டக் கேக்க வேணாம். எனக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாமே. எங்கம்மா வீட்டுல ஃபோன் இருக்கு. தினம் சாயங்காலம் பேசினோம். கிழங்கு வெல என்ன, மழை பேஞ்சுதான்னு எல்லாம் கேட்டீங்க."

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் லாவினியாவுக்கு எளிதாக இருந்திருக்கும். அடுத்த அறையில் யாரோ பாட்டு ஆரம்பித்தார்கள். ஒரு பெண் குரல், பிறகு ஆண்களின் அடிக்குரல். கீர்த்தனை இரண்டு சரணம் போயிற்று. சியாலே காகிதப் பெட்டியிலிருந்து ஒன்றை உருவி ஃபிபேயின் மூக்கைத் துடைத்தாள். தன் முகத்தைத் துடைக்கவில்லை.

"சொல்லுங்க" என்றாள்.

"நான் சொல்ல மாட்டேன். எனக்கு அந்தத் தகுதி இல்ல."

"தகுதியப் பத்தி நான் கேக்கல. நீங்க சொன்னா அவரு கேப்பாரு. அதுக்காகக் கேக்குறேன். நான் சொன்னா இருபது தடவ வாதாடுவாரு." சியாலேயின் வாய் கோணியது, சிரிப்பா என்று தெரியவில்லை. "இங்க உக்காந்துகிட்டு இல்ல. உள்ள போயி அவருகிட்டச் சொல்லுங்க."

"சியாலே, நான் அந்த ரூமுக்குள்ள…"

"தெரியும். போங்க."

ஃபிபே அம்மாவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். பழக்கப்பட்ட வேலை அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து பாவாடையை நீவிக்கொண்டாள்.

"அத்தை, நான் போய்ச் சொல்றேன். என்னன்னு சொல்லணும்?"

லாவினியா அவள் தலையில் கை வைத்தாள்.

"வேணாம்டா. இத நானே சொல்லிக்கறேன்."

*

கதவைத் தள்ளிக்கொண்டு அவளே போனாள். நேபாள நர்ஸ் அவளைப் பார்த்ததும் எதுவும் பேசாமல் நாற்காலியைக் கட்டில் பக்கம் நகர்த்திவிட்டு மூலைக்குப் போனாள்.

கைகள் போர்வைக்கு மேலே இருந்தன. குழி வெட்டிய அன்று பார்த்ததைவிட நிறம் பரவியிருந்தது. லாவினியா இம்முறை முகத்தைத் திருப்பவில்லை. தோளிலிருந்து விரல் வரை, வேலையிடத்தில் பார்ப்பது போல, ஒரு இடம் விடாமல் பார்த்தாள். மூச்சுக்குழாயைக் கட்டியிருந்த பட்டை அவன் வலது காதை மடக்கி அழுத்தியிருந்தது. அவள் விரலை உள்ளே விட்டுக் காதை நேராக எடுத்துவிட்டாள். காது சூடாக இருந்தது.

"லிசியாதே" என்றாள்.

அவனைப் பெயர் சொல்லி நேருக்கு நேர் கூப்பிட்டு இருபது வருஷம் இருக்கும். அப்போது அவனுக்குப் பதினொன்று. இடுப்பளவு கடலில் அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான், ஆழத்துக்குப் போகாதே என்று கரையிலிருந்து கத்தினாள், உடனே திரும்பி வந்துவிட்டான்.

"அக்கா வந்திருக்கேன்."

இயந்திரம் மூச்சை ஏற்றி இறக்கியது. நர்ஸ் மூலையில் எதையோ அடுக்குவது போல முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். லாவினியா குனிந்து, அவன் காதருகே, தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினாள். பேசி முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். அவனிடம் ஒரு மாற்றமும் இல்லை.

"போகலாம்" என்று கடைசியாகச் சொன்னாள், சற்று உரக்க.

பிற்பகல் இரண்டு மணிக்குக் குழாயை எடுத்தார்கள். இருபது பேரும் சுவரோரம் நின்று நான்கு குரலில் பாடினார்கள். பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் வந்து கதவில் நின்றார்கள். மோசேசேதான் எல்லோரையும்விட உரக்கப் பாடினான், பாதியில் குரல் உடைந்து மறுபடி பிடித்துக்கொண்டான். சியாலே கட்டிலில் ஏறி அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் லாவினியா கால்மாட்டில், அந்தப் பெரிய பாதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

*

அடுத்த சனிக்கிழமை அடக்கம். சபை மண்டபத்தில் பெட்டிக்குத் தலைமாட்டில் லாவினியாவுக்கு இடம் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் நல்ல பாய்களையும் மரப்பட்டைத் துணிகளையும் அவள் முன் வைத்துத் தலை குனிந்தார்கள். சியாலே துக்க அடையாளமாக இடுப்பில், தோள்வரை ஏறும் கிழிந்த பெரிய பாயைக் கட்டிக்கொண்டு கீழ்வரிசையில் இருந்தாள். ஒரு வாரமாக இருவரும் பேசவில்லை. வேண்டியதை இருவரும் வேறு வேறு ஆட்களிடம் சொல்லி அனுப்பினார்கள். ஃபிபேவிடம் மட்டும் யாரும் எதையும் சொல்லி அனுப்பவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பி வந்ததும் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துக் கொண்டு வந்தார்கள். இறந்தவனின் பிள்ளைக்கும் மனைவிக்கும் முடி வெட்ட வேண்டும். வெட்டுவது அவன் அக்கா. எவ்வளவு என்பதும் அவள் முடிவு.

ஃபிபே முதலில் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையுமா அத்தை?"

"இல்லடா. நுனிய மட்டும்."

இரண்டு விரல் அகலம் வெட்டினாள். ஃபிபே விழுந்ததைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று ஏமாற்றத்தோடு எழுந்து போனாள்.

பிறகு மண்டபம் காத்திருந்தது. சியாலே எழவில்லை. அவள் பக்கத்திலிருந்தவர்கள் அவளைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். கடைசியில் சியாலே எழுந்தாள். பாய் தரையில் உரசும் ஓசையோடு நடந்து வந்து, லாவினியாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பி, அவள் முன்னால் உட்கார்ந்தாள். தானே கொண்டையை அவிழ்த்தாள். முடி இடுப்புப் பாய் மேல் வந்து விழுந்தது.

லாவினியா அதைக் கையில் சேர்த்துப் பிடித்தாள். கனமாக இருந்தது. கத்தரிக்கோலைத் திறந்தாள், மூடினாள்.

"எவ்வளவு வெட்டட்டும்?" என்று கேட்டாள்.

முன்வரிசையில் இருந்த பெண்கள் தலையைத் தூக்கினார்கள். அப்படிக் கேட்பது வழக்கமில்லை.

சியாலே திரும்பவில்லை. வலது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து, வியர்த்திருந்த பிடரியில், முடி முளைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு விரலை வைத்துக் காட்டினாள். லாவினியா வெட்டத் தொடங்கும்வரை அந்த விரல் அங்கேயே இருந்தது.